மினியேச்சர் ஆட்டம் தொடங்குகிறீர்களா? முதல் காசை இப்படிச் செலவழியுங்கள்

அக்கா மகனும் நானும் ஞாயிறு மதியங்களில் விளையாடுவது ஹீரோகிளிக்ஸ். கட்டைவிரல் உயரத்தில் வண்ணம் பூசிய சின்னச் சின்ன வீரர்கள் (இவற்றைத்தான் 'மினி' என்கிறோம்), கட்டம் போட்ட ஒரு வரைபடம், இரண்டு பகடைக்காய். காரைக்குடியில் எங்கள் பழைய வீட்டின் வளவில் விரித்துவைத்து ஆடுவோம். பார்த்துவிட்டுப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "நானும் தொடங்கணும், முதல்ல என்ன வாங்கறது?" அவர்களுக்கு வாயால் சொல்லிச் சொல்லிப் பழகியதை இங்கே வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு முதலில் சுருக்கமாக. விஸ்கிட்ஸ் நிறுவனம் 2000இல் மேஜ் நைட் என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு மினியின் அடிப்பீடத்துக்குள்ளும் சுழலும் டயல் ஒன்றை வைத்தார்கள். அதே டயலோடு காமிக்ஸ் நாயகர்களை வைத்து 2002இல் வந்ததுதான் ஹீரோகிளிக்ஸ். பீடத்தில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். அதில் வேகம், தாக்குதல், தற்காப்பு, சேதம் என்று நான்கு எண்கள் தெரியும். அடி விழுந்தால் ஒரு சேதத்துக்கு ஒரு 'கிளிக்' வீதம் டயலைத் திருப்ப வேண்டும், எண்கள் மாறிவிடும். காயம்பட்ட வீரன் பெரும்பாலும் தளர்ந்துகொண்டே போவான். சிலர் மட்டும் அடிவாங்க அடிவாங்க மூர்க்கமாவார்கள். காகிதத்தில் கணக்கு எழுதவே வேண்டாம், எல்லாம் அந்த மினியின் காலடியிலேயே இருக்கிறது. இந்த ஆட்டத்தின் அழகே அதுதான் என்பேன்.

முதல் படி: எதிரே உட்காரப்போகிறவர் யார்?

பெருநகரங்களில் இருப்பவர்கள் தங்கள் அணியை மட்டும் வாங்கிக்கொண்டு கடைக்கோ குழுவுக்கோ போனால் போதும். எதிராளி தன் அணியோடு வருவார். நம் பக்கத்தில், தேவகோட்டையோ கானாடுகாத்தானோ புதுவயலோ, அப்படி ஓர் இடத்தை நான் பார்த்ததில்லை. எதிரே உட்காரப்போவது தம்பியாக இருக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருக்கும். அவர்களிடம் ஒரு மினிகூட இருக்காது. அதனால் இங்கே தொடங்குகிறவர் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் வாங்கியாக வேண்டும். பின்னால் வரும் எல்லா யோசனையும் இதிலிருந்துதான் பிறக்கிறது.

இதில் ஒரு நன்மையும் உண்டு. இரண்டு அணியும் உங்கள் வீட்டிலேயே இருந்தால், புதிதாக வந்தவை மட்டும்தான் செல்லும் என்கிற போட்டி விதிகள் உங்களைக் கட்டாது. பத்து வருடத்துக்கு முந்தைய மினியும் சரி. ஆட்டமே நின்றுபோயிருந்தாலும் சரி. 2004இல் தொடங்கி 2010இல் நின்ற ஸ்டார் வார்ஸ் மினியேச்சர்ஸை இன்றும் இரண்டு பேர் உட்கார்ந்து ஆடலாம். ஹீரோகிளிக்ஸே 2008இல் ஒருமுறை நின்று, அடுத்த வருடம் நெகா நிறுவனம் வாங்கியபிறகு மீண்டும் வந்ததுதான்.

இரண்டாவது படி: மூடிய பெட்டியை இப்போது தொடாதீர்கள்

இந்த வகை ஆட்டங்களில் 'பூஸ்டர்' என்றொரு பெட்டி உண்டு. ஹீரோகிளிக்ஸ் பூஸ்டரில் வழக்கமாக ஐந்து மினிகள் இருக்கும். எந்த ஐந்து என்பது திறந்தால்தான் தெரியும். சில எளிதாகக் கிடைப்பவை, சில அரிதானவை, மிக அரிதாக 'சேஸ்' என்று ஒன்று. பிரிக்கும்போது நெஞ்சு படபடக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முதல் கொள்முதலுக்கு அது உதவாது. ஐந்தும் வெவ்வேறு குழுவைச் சேர்ந்தவையாக இருக்கலாம். எல்லாமே கிட்டப்போய் அடிப்பவையாக இருந்து, தூரத்திலிருந்து சுடுவதற்கு ஒன்றும் இல்லாமல் போகலாம்.

என் தொடக்கமே அப்படித்தான் ஆனது. சேர்த்துவைத்த காசு முழுக்க பூஸ்டராக வாங்கினேன். வந்ததில் ஒரே நாயகன் மூன்று தடவை இருந்தான். ஓர் அணிகூடச் சரியாக அமையவில்லை. அந்த மினிகள் இரண்டு மாதம் அலமாரியில் நின்றன. பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும். அதனால்தான் இந்தப் படியை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மூன்றாவது படி: உள்ளே இருப்பது தெரிந்த பெட்டி

ஸ்டார்ட்டர் பெட்டிகளிலும் 'ஃபாஸ்ட் ஃபோர்ஸஸ்' பெட்டிகளிலும் என்னென்ன மினி இருக்கிறது என்பது முன்கூட்டியே தெரியும். ஃபாஸ்ட் ஃபோர்ஸஸில் ஆறு மினி. ஒன்றோடொன்று சேர்ந்து ஆடும்படி அமைத்திருப்பார்கள். இப்படி இரண்டு பெட்டி வாங்கினால் ஆளுக்கொரு அணி ஆயிற்று. வரைபடமும் பகடையும் விதிப்புத்தகமும் கொண்ட ஸ்டார்ட்டர் நியாயமான விலையில் கிடைத்தால் அதுவும் நல்லதுதான். வாங்குமுன் பெட்டியின் பின்பக்கப் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஸ்டார்ட்டருக்கு ஸ்டார்ட்டர் உள்ளடக்கம் மாறும்.

கிடைக்காவிட்டால் ஏங்க வேண்டியதில்லை, ஏனென்றால் மினிகளைத் தவிர மற்ற எல்லாமே நம்மூரிலேயே தயாராகும். விதிப்புத்தகத்தை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். லூடோ பகடை இரண்டு போதும். வரைபடத்தின் வழக்கமான அளவு 24க்கு 36 அங்குலம், அதாவது இரண்டடிக்கு மூன்றடி. ஒரு கட்டம் ஒன்றரை அங்குலம். ஆக 16க்கு 24 கட்டம். ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடையில் இந்த அளவைச் சொன்னால் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். சுருட்டித்தான் வாங்கி வர வேண்டும். மடித்தால் விழும் மடிப்பில் மினி நிற்காது. நாங்கள் முதல் ஆறு மாதம் இரண்டு சார்ட் அட்டையை ஒட்டி, பென்சிலால் கட்டம் போட்டு ஆடினோம்.

எந்த மினி இந்தச் சுற்றில் செயல்பட்டது என்று காட்ட டோக்கன் வைக்க வேண்டும். அதற்கு அப்பத்தாவின் பல்லாங்குழிப் புளியங்கொட்டைதான். மினிக்கு இரண்டு வீதம் எடுத்துவைத்தால் போதும்.

நான்காவது படி: 300 புள்ளிக்கு எண்ணுங்கள்

ஒவ்வொரு மினிக்கும் ஒரு புள்ளி விலை உண்டு. பொதுவாக ஓர் அணிக்கு 300 புள்ளி. நூறு புள்ளிக்கு ஒரு செயல் (நகர்வதோ தாக்குவதோ) என்று கணக்கு, அதனால் ஒரு சுற்றில் மூன்று செயல். ஒரு மினி ஒரு சுற்றில் ஒருமுறைதான் செயல்படும். போன சுற்றில் செயல்பட்டதையே இந்தச் சுற்றிலும் ஏவினால் அதற்கு இரண்டாவது புளியங்கொட்டை விழும், கூடவே ஒரு கிளிக் சேதமும்.

இதை மனத்தில் வைத்து யோசியுங்கள். 300 புள்ளிக்கும் ஒரே மாவீரனை வாங்கினால் மூன்று செயலில் இரண்டு வீணாகும். தினமும் ஒரே மாட்டை ஏரில் பூட்டினால் அது எத்தனை நாள் தாங்கும்? எட்டுப் பொடியன்களை வாங்கினாலும் மூன்று பேர்தான் அசைவார்கள், மீதி ஐந்து பேர் வேடிக்கை பார்ப்பார்கள். அதனால் தொடக்கத்துக்கு நான்கு மினி என்பது என் கணக்கு. நூறில் ஒன்று, எழுபத்தைந்தில் இரண்டு, ஐம்பதில் ஒன்று. மூன்று பேர் செயல்பட, ஒருவர் மாறி மாறி இளைப்பாறலாம்.

அந்த நான்கில் ஒருவர் தூரத்திலிருந்து சுடுபவர், ஒருவர் முன்னால் நின்று அடி தாங்குபவர், ஒருவர் பறப்பவர் என்று இருக்கட்டும். பறப்பவர் தன் கூட்டாளியைத் தூக்கிக்கொண்டு போகலாம். மெதுவாக நடக்கிற பலசாலிகளுக்கு அவர்தான் வண்டி.

ஐந்தாவது படி: டயலைப் படிக்கக் கற்றபிறகு உதிரி மினி

அணியில் இருக்கிற ஓட்டையை அடைக்க 'சிங்கிள்ஸ்' வாங்கலாம். வேண்டிய மினியை மட்டும் ஒவ்வொன்றாக வாங்குவது. அதற்கு எண்களின் எடை தெரிய வேண்டும்.

இரண்டு பகடையை உருட்டி, வந்த கூட்டுத்தொகையோடு தாக்குதல் எண்ணைக் கூட்டுகிறோம். அது எதிரியின் தற்காப்பை எட்டினாலோ தாண்டினாலோ அடி விழும். தாக்குதல் 10, தற்காப்பு 17 என்றால் பகடையில் 7 அல்லது அதற்கு மேல் வேண்டும். இரண்டு பகடை மொத்தம் 36 விதமாக விழலாம், அதில் 21 நமக்குச் சாதகம். அதே எதிரியின் தற்காப்பு 18 என்றால் 15தான். 16 என்றால் 26. ஓர் எண் இப்படி அப்படி நகர்ந்தால் ஐந்தாறு வாய்ப்பு கைமாறுகிறது. தாயம் ஆடிப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

அதனால் படத்தில் கம்பீரமாக நிற்கிறான் என்பதற்காக வாங்காதீர்கள். முழு டயலையும் பாருங்கள். டயல் எண்களைப் பட்டியலிடும் ரசிகர் தளங்கள் இருக்கின்றன. முதல் கிளிக்கில் தாக்குதல் 11 இருந்து மூன்றாவது கிளிக்கிலேயே 8க்குச் சரிகிற மினியைவிட, 10இல் தொடங்கி ஐந்து கிளிக் வரை 9க்குக் குறையாத மினியை நான் எடுப்பேன். எவ்வளவு தூரம் சுடும் என்ற எண்ணும் முக்கியம். அது ஜன்னலில் மாறாது, டயலுக்கு வெளியே பீடத்தில் இருக்கும். அக்கா மகன் ஒருநாள் ஆசையாய் ஒன்றைக் காட்டி, "மாமா, இவன் கையில துப்பாக்கி இருக்கே, இவனை வாங்கலாம்" என்றான். பீடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். ரேஞ்ச் பூஜ்யம். அன்றிலிருந்து அவனே முதலில் பீடத்தைத்தான் பார்க்கிறான்.

உதிரி வாங்கும்போது நம்மூர் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளை நினைத்துக்கொள்ளுங்கள். விவரம் தெரிந்தவர் தூக்குவாளியைக் கையில் எடுத்ததும் திருப்பி, பெயர் வெட்டியிருக்கிறதா, ஈயம் எப்படி இருக்கிறது என்றுதான் பார்ப்பார். மினியும் அப்படியே. பீடத்தில் எந்த வெளியீடு என்ற குறியும் அதன் வரிசை எண்ணும் இருக்கும். ஒரே நாயகன் பல வெளியீடுகளில் வெவ்வேறு டயலோடு வந்திருப்பான். பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் வேறொருவன் வந்து நிற்பான். விற்பவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: குறியும் எண்ணும் தெரிகிற படம், கூடவே வரும் அட்டை இருக்கிறதா, டயல் தடையில்லாமல் சுழல்கிறதா. அட்டையில்தான் அந்த மினியின் சிறப்புத் திறன்கள் எழுதியிருக்கும். மிகப் பழைய வெளியீடுகளுக்கு அட்டை கிடையாது, பொதுவான திறன் பட்டியலே போதும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அனுப்பும் செலவும் இறக்குமதி வரியும் மினியின் விலையையே தாண்டிவிடக்கூடும். இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரே பொட்டலமாக வாங்குங்கள்.

பொட்டலம் வந்தபிறகு

பிரித்ததும் எல்லா டயலையும் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். உருவத்தைப் பிடித்துத் திருகக் கூடாது, கணுக்கால் ஒடிந்துவிடும். பீடத்தின் மேல் விளிம்பை ஒரு கையால் பிடித்து, அடிவட்டை மறுகையால் திருப்ப வேண்டும். 'டிக்' என்று ஒவ்வொரு நிறுத்தமும் விரலில் தெரியும்.

வாள், ஈட்டி வளைந்து வந்திருந்தால் பதற வேண்டாம். நம் சித்திரை வெயிலில் கூரியர் வண்டிக்குள் கிடந்தால் மென்மையான பிளாஸ்டிக் வளையத்தான் செய்யும். ஒரு டம்ளரில் நல்ல சூடான தண்ணீர், இன்னொன்றில் பானைத் தண்ணீர். மினியைத் தலைகீழாகப் பிடித்து வளைந்த பகுதியை மட்டும் பத்து விநாடி சூட்டில் நனையுங்கள். வெளியே எடுத்து நேராக்கி, பிடித்தபடியே குளிர்ந்த தண்ணீரில் முக்குங்கள். அப்படியே நின்றுவிடும். பீடம் நனையவே கூடாது, உள்ளே எண்கள் அச்சிட்ட காகிதம் இருக்கிறது.

எடுத்துவைக்க விலையுயர்ந்த பெட்டி வாங்காதீர்கள். மூடிபோட்ட பனையோலைக் கொட்டான் ஒன்று அணிக்கு ஒன்றாக இருந்தால் போதும். உள்ளே பழைய பருத்தித் துணியைச் சுருட்டி இடையிடையே வைத்தால் ஒன்றோடொன்று உரசி வண்ணம் போகாது.

பத்து ஆட்டம் முடியும்வரை வேறெதுவும் வாங்க வேண்டாம்

இதில் நான் பிடிவாதக்காரன். அதே இரண்டு அணி, பத்து ஆட்டம். பாதியில் அணியை மாற்றிக்கொள்ளுங்கள், அவர் ஆடியதை நீங்கள் ஆடுங்கள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ஒரு நோட்டில் ஒரே ஒரு வரி: இன்று எது இல்லாமல் தவித்தோம்? அந்த நோட்டுதான் இரண்டாவது கொள்முதலுக்கான பட்டியல். பூஸ்டர் பிரிக்கும் ஆசையையும் அதன்பிறகு தீர்த்துக்கொள்ளலாம். கையில் இரண்டு நல்ல அணி இருக்கும்போது பூஸ்டரில் எது வந்தாலும் அதற்கு ஓர் இடம் கிடைக்கும்.

எங்கள் நோட்டில் போன ஞாயிறு அக்கா மகன் எழுதியது: "பறக்கிறது ஒண்ணு வேணும், 50 புள்ளிக்குள்ள, சுடவும் தெரியணும்." மூன்று நாளாக டயல் டயலாகப் பார்த்து நான்கு பேரைக் குறித்துவைத்திருக்கிறேன். இந்த ஞாயிறு இருவரும் உட்கார்ந்து அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.