பிசினஸ் மீட்டிங்குக்கு புரொஜெக்டர் வாங்கப் போறீங்களா? முதல்ல அறையை அளந்துட்டுப் போங்க

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பத்து பக்கமெல்லாம் இப்ப நெல் மில் வச்சிருக்கிற ஆக்கள், மருதமுனை கைத்தறி யாவாரம் செய்யுறவங்க, பாசிக்குடா ஹோட்டல்காரர், கூட்டுறவுச் சங்கம் எண்டு எல்லாரும் ஸ்லைட் போட்டுக் காட்டித்தான் கதைக்கிறாங்க, பேங்க்ல லோன் விசயமா கதைச்சாலும் சரி வெளியூர் பையர் வந்தாலும் சரி. அதால புரொஜெக்டர் வாங்குற ஆக்களும் கூடிட்டாங்க. ஆனா கன பேர் நெட்ல ஒரு விளம்பரத்தைப் பாத்து "9000 லூமன்ஸ், ஃபோர் கே" எண்டு போட்டிருந்த உடனே ஆர்டர் போட்டுடுறாங்க, பொருள் வந்த பிறகு பகல்ல போட்டுப் பாத்தா சுவர்ல ஒண்டும் தெரியாது, சல்லியும் போய்டும். அப்படி ஆருக்கும் நடக்கக்கூடாது எண்டுதான் இதை முதல்ல இருந்து ஒவ்வொரு படியா எழுதுறன். புரொஜெக்டரைப் பத்தி ஒண்டுமே தெரியாட்டியும் பரவாயில்ல, வாசிச்சுட்டு கடைக்குப் போய் வடிவா கேள்வி கேக்க ஏலும்.

படி 1: அறையைப் பாருங்க, மொடல் பேரை மறுகா பாக்கலாம்

ஒரு டேப் எடுத்துக்கொண்டு நீங்க மீட்டிங் வைக்கிற அறைக்குப் போங்க. எந்த நேரத்தில மீட்டிங் நடக்குமோ அதே நேரத்துக்குப் போங்க, காலம்பற பத்து மணிக்கு மீட்டிங் எண்டா பத்து மணிக்கே போய் நிக்கணும், ஏனெண்டா இரவில பாக்குற அறையும் பகல்ல பாக்குற அறையும் ஒண்டில்ல. எங்கட பக்கத்து கட்டடங்கள்ல காத்துக்காக யன்னல் கூடத்தான் இருக்கும், வெயிலும் சும்மா இல்ல. எந்தச் சுவர்ல படம் விழப்போகுது, அந்தச் சுவருக்கு நேர எதிர யன்னல் இருக்கா, சீலை போட்டு மறைக்க ஏலுமா, சுவருக்கு மேல டியூப் லைட் இருக்கா, அந்த ஒரு லைட்டை மட்டும் தனிய நிப்பாட்ட சுவிட்ச் இருக்கா எண்டு பாத்து எழுதுங்க.

பிறகு கடைசிக் கதிரை எங்க வரும் எண்டு பாத்து சுவர்ல இருந்து அது வரைக்கும் அளவுங்க. ஒரு லேசான கணக்கு இருக்கு: எழுத்து வாசிக்க வேண்டிய படம் எண்டா கடைசி ஆள் இருக்கிற தூரம் படத்துட உயரத்தின்ட ஆறு மடங்குக்குள்ள இருக்கணும். கடைசிக் கதிரை 7.5 மீட்டர்ல எண்டா படம் 1.25 மீட்டர் உயரமாவது வேணும். அகலப் படத்தில (16 க்கு 10 வடிவம்) அது 2 மீட்டர் அகலம் வரும். இந்த 2 மீட்டர் அகலத்தையே வச்சு மிச்சக் கணக்கையும் போட்டுக் காட்டுறன், உங்கட அளவை நீங்க மாத்திப் போட்டுக்கொள்ளுங்க.

இந்த இடத்திலேயே ஒண்டைச் சொல்லணும். எட்டுப் பத்துப் பேர் இருக்கிற சின்ன ஒபிஸ் அறை, எப்பவும் அதே இடம் எண்டா உங்களுக்கு புரொஜெக்டர் தேவையே இல்ல, ஒரு 65 இஞ்சி டிவி வாங்கிச் சுவர்ல மாட்டிடுங்க, வெயிலுக்கும் தெரியும், லாம்ப், அதாவது புரொஜெக்டருக்கு உள்ள இருக்கிற பல்பு, மாத்துற கதையும் இல்ல. வருசத்துக்கு ரெண்டு மூணு தரம்தான் தேவை எண்டா சவுண்ட், லைட் வாடகைக்குக் குடுக்கிற கடைகள்ல விசாரிச்சுப் பாருங்க. ஊர் ஊரா கொண்டு போகணும், இல்லாட்டி இருபது முப்பது பேருக்கு மேல இருப்பாங்க, அப்பதான் புரொஜெக்டர் சரியான சாமான்.

படி 2: வெளிச்சம், இதுலதான் ஏமாத்துறது கூட

லூமன்ஸ் எண்டா புரொஜெக்டர் வெளிய விடுற வெளிச்சத்துட அளவு. ஆனா பெட்டியில "லூமன்ஸ்" எண்டு சும்மா போட்டிருந்தா அதை நம்ப வேணாம், "ஆன்ஸி லூமன்ஸ்" எண்டோ "ஐஎஸ்ஓ 21118" எண்டோ போட்டிருக்கா எண்டு பாருங்க. அது ரெண்டும் வெளிச்சத்தை எப்படி அளக்கணும் எண்டு சொல்லுற தரமுறைகள், படத்தை ஒன்பது கட்டமாப் பிரிச்சு ஒவ்வொரு கட்டத்துட நடுவிலயும் வெளிச்சத்தை அளந்து சராசரி எடுப்பாங்க. "எல்ஈடி லூமன்ஸ்", "லைட் சோர்ஸ் லூமன்ஸ்" எண்டெல்லாம் போடுறது அந்த முறையில அளந்த கணக்கு இல்ல, சுவர்ல அவ்வளவு வந்து விழும் எண்டு எடுக்க வேணாம். கையில தூக்குற மலிவு மொடல்கள்ல ஆயிரக்கணக்கில நம்பர் போட்டிருந்தாலும் ஆன்ஸி முறையில அளந்தா கனக்க மொடல் சில நூறுதான் வரும்.

இப்ப கணக்கைப் பாருங்க. படம் 2 மீட்டர் அகலம், 1.25 மீட்டர் உயரம், அப்ப 2.5 சதுர மீட்டர். 3000 ஆன்ஸி லூமன்ஸ் புரொஜெக்டர் எண்டா 3000 ஐ 2.5 ஆல பிரிச்சா 1200, அதுதான் ஸ்க்ரீன்ல விழுற வெளிச்சம், லக்ஸ் எண்டு சொல்லுவாங்க. லைட் போட்டிருக்கிற ஒபிஸ் அறையில ஸ்க்ரீன் மேல 300 லக்ஸ் அளவு ஏற்கனவே விழுது எண்டு வைங்க. அப்ப வெள்ளை இடத்தில ரெண்டும் சேந்து 1500, கறுப்பு இடத்தில அறை வெளிச்சம் 300 மட்டும், அஞ்சு மடங்கு வித்தியாசம், எழுத்து தெளிவாத் தெரியும். அதே இடத்தில 250 லூமன்ஸ் சாமானை வச்சா 100 லக்ஸ்தான் வரும், வெள்ளை 400 கறுப்பு 300, ரெண்டுக்கும் வித்தியாசமே இல்லாத மாதிரி, வந்த ஆள் கண்ணைச் சுருக்கிக் கொண்டு இருப்பார்.

இன்னொரு விசயமும் இந்தக் கணக்கிலேயே இருக்கு, நான் கட்டாயம் செய்யச் சொல்லுறதும் அதுதான். ஸ்க்ரீனுக்கு மேல இருக்கிற லைட்டை நிப்பாட்டி யன்னலுக்குத் தடிப்பான சீலை போட்டு அந்த 300 ஐ 50 ஆக்கினா வெள்ளை 1250, கறுப்பு 50, வித்தியாசம் அஞ்சு மடங்கில இருந்து 25 மடங்கா ஏறுது. புரொஜெக்டருக்கு மேலதிகமா ஒரு சதமும் குடுக்காம! அதால கூட லூமன்ஸ் உள்ள மொடலுக்குச் சல்லி தேடுறதுக்கு முதல் சீலை வாங்குங்க.

நம்பரா சொல்லணும் எண்டா, இருட்டாக்க ஏலுமான சின்ன அறைக்கு 2500 ஆன்ஸி லூமன்ஸ் காணும். எங்கட பக்கத்து வழமையான பகல் மீட்டிங்குக்கு 3500 இல இருந்து 4000 எடுங்க. பெரிய மண்டபம், யன்னலை மூட ஏலாது எண்டா 5000 க்கு மேல போகணும். கொஞ்சம் கூடவே எடுக்கச் சொல்றதுக்குக் காரணம், பாவிக்கப் பாவிக்க லாம்ப் மங்கிக்கொண்டுதான் போகும், புதுசில இருந்த வெளிச்சம் ரெண்டு வருசத்தில இருக்காது.

படி 3: ரெசலூஷன், தமிழ் எழுத்துக்கு இது முக்கியம்

கடையில கேக்க வேண்டிய கேள்வி "அண்ணன், இதுட நேட்டிவ் ரெசலூஷன் என்ன?" எண்டுதான். "ஃபுல் எச்டி சப்போர்ட்" எண்டு சொன்னா அது பதில் இல்ல, ஃபுல் எச்டி வீடியோவை உள்ள எடுத்து சின்னதாக்கித்தான் காட்டும் எண்டு அர்த்தம். படத்தை உண்டாக்குற புள்ளி உள்ளுக்க உண்மையா எத்தனை இருக்கு (அகலத்துக்கு இவ்வளவு, உயரத்துக்கு இவ்வளவு) எண்டதுதான் நேட்டிவ். 800 க்கு 600 எண்டா எஸ்விஜிஏ, 1024 க்கு 768 எக்ஸ்ஜிஏ, 1280 க்கு 800 டபிள்யூஎக்ஸ்ஜிஏ, 1920 க்கு 1080 ஃபுல் எச்டி.

இங்கிலிஷ்ல பெரிய தலைப்பும் நாலு வரியும் மட்டும் எண்டா எக்ஸ்ஜிஏ கூடச் சமாளிக்கும். தமிழ்ல ஸ்லைட் போடுற ஆக்கள் அதுக்குக் கீழ போகவே வேணாம். ணகரத்துக்கும் னகரத்துக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம், மெய்யெழுத்துக்கு மேல உள்ள குத்து ஒரு சின்னப் புள்ளி, ரெசலூஷன் குறைஞ்ச புரொஜெக்டர்ல முதல்ல காணாமப் போறது அதுகள்தான். எக்செல் ஷீட்டில கணக்குக் காட்டுற ஆக்களுக்கும் இதே பிரச்சினைதான். என்ட விருப்பம் சல்லி இருந்தா ஃபுல் எச்டி, இல்லாட்டி டபிள்யூஎக்ஸ்ஜிஏ, அதை விட இன்னும் கூடப் புள்ளி உள்ள ஃபோர் கே உங்களுக்குத் தேவை இல்ல. இப்பத்த லெப்டொப்பும் பவர்பொயிண்டும் அகலப் படம்தான், 4 க்கு 3 வடிவத்து பழைய மொடலை எடுத்தா மேலயும் கீழயும் கறுப்புப் பட்டி விட்டுத்தான் படம் வரும், படமும் சின்னனாப் போகும்.

எழுத்தைப் பத்திக் கதைக்கக்குள்ள இதையும் சொல்லிடுறன்: பாமினி எண்ட பழைய தமிழ் ஃபொண்ட்ல டைப் பண்ணின ஸ்லைடை இன்னொராள்ட லெப்டொப்ல போட்டா அந்த ஃபொண்ட் இல்லாட்டி தமிழ் எல்லாம் இங்கிலிஷ் எழுத்துக் குப்பையாத்தான் வரும். எந்த லெப்டொப்லயும் தமிழ் தமிழாவே தெரியுற யூனிகோட் முறையில டைப் பண்ணுங்க, அதோட பிடிஎஃப் கொப்பி ஒண்டும் பென் டிரைவ்ல வச்சிருங்க. எழுத்துட சைஸ் 24 க்குக் குறையவே வேணாம்.

படி 4: லாம்பா லேசரா

லாம்ப் மொடல் வாங்கக்குள்ள விலை குறைவு, ஆனா சாதாரணமா 5000, 6000 மணித்தியாலம், வெளிச்சத்தைக் குறைச்சு ஓட்டுற ஈகோ மோட்ல இன்னும் கூடப் போகும், அதுக்குப் பிறகு வெளிச்சம் பாதியாயிடும், லாம்ப் மாத்தணும். லேசர் 20000 மணித்தியாலம் எண்டு சொல்றாங்க, சுவிட்ச் போட்ட உடனே பத்தும், விலைதான் கூட. கிழமைக்கு ரெண்டு மீட்டிங், ஒவ்வொண்டும் ரெண்டு மணித்தியாலம் எண்டா வருசத்துக்கு 208 மணித்தியாலம்தான் ஓடும், அப்படிப்பட்ட ஆளுக்கு லாம்பே கன வருசத்துக்குக் காணும். நாள் முழுக்க வகுப்பு, ட்ரெய்னிங் எண்டு ஓடுற இடத்துக்கு லேசர் எடுங்க.

மீட்டிங்குக்கு வாங்குற மொடல்கள்ல பெரும்பாலும் உள்ளுக்க ரெண்டு விதமான தொழில்நுட்பம் இருக்கு. எப்சன்காரர் செய்யுறது பெரும்பாலும் த்ரீ எல்சிடி, சிவப்பு, பச்சை, நீலத்துக்கு தனித்தனியா மூணு எல்சிடி தகடு, கலர் நல்ல வெளிச்சமா வரும், கிராஃப், துணி டிசைன், சாப்பாட்டுப் படம் காட்டுற ஆக்களுக்கு நல்லம். மற்றது டிஎல்பி, சின்னச் சின்னக் கண்ணாடியால படம் காட்டுற டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்ட சிப், புரொஜெக்டரும் சின்னன், எழுத்து கூர்மையா இருக்கும், ஆனா ஒரு சிப் உள்ள மொடல்ல வெள்ளை இருக்கிற அளவுக்கு கலர் வெளிச்சமா இருக்காது, சிலருக்கு கண்ணைத் திருப்பக்குள்ள வானவில் மாதிரி கலர் ஓடும். ரெண்டும் பாவிக்கலாம், கண்ணால பாத்து எடுங்க.

படி 5: எவ்வளவு தள்ளி வைக்கணும்

டோர்ச்சைச் சுவருக்குக் கிட்டப் பிடிச்சா வட்டம் சின்னனா இருக்கும், தள்ளிப் போகப் போகப் பெருசாகும், இதுவும் அதேதான். ஸ்பெக்ல, அதாவது சாமானோட வாற விவரத்தாள்ல, "த்ரோ ரேஷியோ" எண்டு ஒரு நம்பர் இருக்கும், அதைப் படத்துட அகலத்தால பெருக்கினா தூரம் வரும். 1.5 எண்டா, எங்கட 2 மீட்டர் படத்துக்கு 3 மீட்டர் தள்ளி வைக்கணும். அறை ஒடுக்கம் எண்டா ஷோர்ட் த்ரோ மொடல் பாருங்க, 0.5 எண்டா ஒரு மீட்டர் காணும், கதைக்கிற ஆள்ட நிழலும் படத்தில அவ்வளவா விழாது.

சரிச்சு வச்சா படம் கோணலா வரும், கீஸ்டோன் எண்டு ஒரு செட்டிங்கால நேராக்கலாம். ஆனா அது படத்தைச் சுருக்கித்தான் நேராக்குது, எழுத்து மங்கும். அதால மேசையை சரியான உயரத்துக்கு ஏத்தி, நேரா வச்சு, மிச்சம் மீதிக்கு மட்டும் கீஸ்டோன் பாவியுங்க. ஸ்க்ரீன் இல்லாட்டி மினுக்கம் இல்லாத வெள்ளைப் பெயின்ட் அடிச்ச சுவர் காணும், பெட்ஷீட் கட்ட வேணாம்.

படி 6: வயர், சத்தம்

லெப்டொப்பில இருந்து படம் கொண்டு வாற வயரைச் செருக எச்டிஎம்ஐ ஓட்டை கட்டாயம் இருக்கணும், பழைய லெப்டொப் கொண்டு வாற ஆக்களுக்கு விஜிஏ எண்ட பழைய ஓட்டையும் இருந்தா உதவி. யூஎஸ்பி சி மட்டும் உள்ள லெப்டொப்புக்கு ஒரு அடப்டர் வாங்கி புரொஜெக்டர் பேக்லயே போடுங்க, எல்லா யூஎஸ்பி சி ஓட்டையிலயும் வீடியோ வராது, முதல்லயே போட்டுப் பாருங்க. வைஃபையால போடலாம்தான், முக்கியமான மீட்டிங்குக்கு நான் வயரைத்தான் நம்புவன். படம் வராட்டி பதற வேணாம், விண்டோஸ் கீயையும் பி எழுத்தையும் சேத்து அமத்தி, லெப்டொப்பில தெரியுறதையே சுவர்லயும் காட்டுற டூப்ளிகேட் எடுங்க. உள்ளுக்க இருக்கிற ஸ்பீக்கர் பெரிய அறைக்குக் காணாது, வேற ஸ்பீக்கர் வையுங்க.

படி 7: எங்கட கரண்ட், எங்கட காத்து

கரண்ட் போகாத நாட்டுக்கு எழுதின ஸ்பெக்கை வாசிச்சுட்டு வாங்க ஏலாது. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினதெல்லாம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். லாம்ப் மொடல் சூட்டோட இருக்கக்குள்ள திடீரெண்டு கரண்ட் போனா ஃபேனும் நிண்டுடும், அது லாம்புக்குக் கெடுதி. பின்னால ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல எத்தனை வாட்ஸ் எண்டு பாத்து அதைத் தாங்குற யூபிஎஸ் (கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் பேட்டரியால ஓட்டுற பெட்டி) ஒண்டு போடுங்க, 300 வாட்ஸ் எண்டா 1000 விஏ எண்டு போட்ட யூபிஎஸ் எடுங்க, மீட்டிங்கை ஓட்ட இல்ல, ஒழுங்கா ஆறவிட்டு நிப்பாட்ட. சித்திரையிலயும் ஐப்பசியிலயும் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினா பிளக்கைக் கழட்டிடுங்க.

கல்லடி, காத்தான்குடி, சாய்ந்தமருது மாதிரி கடலோரத்தில உப்புக்காத்து சும்மா விடாது. கச்சான் காத்து அடிக்கிற காலத்தில புழுதி ஃபில்டரை அடைக்கும், அடைச்சா சூடேறும், சூடேறினா தானா நிண்டுடும். மாசத்துக்கு ஒருக்கா ஃபில்டரைக் கழட்டித் துடையுங்க. மாரியில ஈரம் கூட, பேக்குக்குள்ள ஈரத்தை உறிஞ்சுற சிலிக்கா ஜெல் பக்கெட் போட்டு வையுங்க, இல்லாட்டி லென்ஸ்ல பூஞ்சணம் பிடிக்கும்.

படி 8: கடையில

உங்கட லெப்டொப்பையும் உங்கட ஸ்லைடையும் கொண்டு போங்க, கடைக்காரர் காட்டுற கலர் வீடியோவைப் பாத்து முடிவெடுக்க வேணாம். லைட்டைப் போடச் சொல்லி, 2 மீட்டர் அகலத்துக்கு படத்தைப் பெருசாக்கி, பின்னால போய் நிண்டு வாசிச்சுப் பாருங்க. நாலு மூலையிலயும் எழுத்து ஒரே மாதிரி கூர்மையா இருக்கா எண்டும் பாருங்க.

செகண்ட் ஹேண்ட் எண்டா முழு வெள்ளை, முழுச் சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு எண்டு அஞ்சு ஸ்லைட் செஞ்சு கொண்டு போங்க. வெள்ளையில மஞ்சள் திட்டு தெரிஞ்சா எல்சிடி பழுதாகத் தொடங்கிட்டு, கறுப்பில வெள்ளைப் புள்ளி புள்ளியா தெரிஞ்சா டிஎல்பி சிப் போகுது, ரெண்டையும் வாங்க வேணாம். மெனுவுக்குள்ள போய் லாம்ப் எத்தனை மணித்தியாலம் ஓடியிருக்கு எண்டு பாருங்க, அந்த லாம்ப் இப்பவும் கிடைக்குதா, என்ன விலை எண்டு கேட்டுட்டுத்தான் விலை பேசணும்.

புதுசு எண்டா வாரன்டி எத்தனை வருசம், லாம்புக்குத் தனியா எத்தனை மணித்தியாலம், பழுதானா இங்கயே செய்வீங்களா கொழும்புக்கு அனுப்புவீங்களா, அனுப்புற செலவு ஆர்ட, திரும்பி வாறதுக்கு எத்தனை நாள் எடுக்கும் எண்டு கேட்டு, சொல்ற பதிலை பில்லிலயே எழுதி சீல் அடிச்சு வாங்குங்க.