கிட்டாரில் மாற்றுச் சுருதி: ச-ப-ச வழியாகப் புரிந்துகொள்வது

மேற்கத்திய வயலினின் நான்கு தந்திகளும் ஜி, டி, ஏ, இ என்று பஞ்சம இடைவெளிகளில், அதாவது ச-விலிருந்து ப வரையான தூரத்தில், ஏறிச் செல்கின்றன. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியும், பிற்காலத்தில் எட்டயபுரம் சமஸ்தான வித்வானாக விளங்கியவருமான பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) அந்த வாத்தியத்தைக் கற்றுக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். இன்று நம் வயலின் வித்வான்கள் அந்த நான்கு தந்திகளையும் ச-ப-ச-ப என்று பாடகரின் சுருதிக்கே கூட்டிக்கொள்கிறார்கள். மரமும் தந்தியும் வில்லும் அப்படியே இருக்க, சுருதி மட்டும் மாறியதால் வாத்தியம் நம் இசைக்கு இணங்கியது. கிட்டாரில் மாற்றுச் சுருதி என்று சொல்லப்படுவதும் இதே வேலைதான்.

மதுரையில் என்னிடம் கிட்டார் கற்க வரும் பிள்ளைகளில் சிலர் தேவாலயப் பாடகர் குழுவிலிருந்தும், சிலர் வாய்ப்பாட்டு வகுப்பிலிருந்தும் வருகிறார்கள். மாற்றுச் சுருதி என்றவுடன் இரு தரப்பினருமே எழுத்துப் பட்டியல்களை மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். அது வேண்டாம் என்பதே என் கருத்து. எந்தத் தந்தி சட்ஜம், எந்தத் தந்தி பஞ்சமம் என்று கேட்டுக்கொண்டால் பட்டியல் தானாகவே விளங்கிவிடும்.

வழக்கமான சுருதியில், தடித்த ஆறாம் தந்தியிலிருந்து மெல்லிய முதல் தந்தி வரை இ, ஏ, டி, ஜி, பி, இ என்று வைக்கிறோம். அடுத்தடுத்த தந்திகளுக்கு இடையே ஐந்து அரைச்சுரமும் (ஓர் அரைச்சுரம் என்பது கழுத்தில் குறுக்கே பதித்த ஃபிரெட் கம்பிகளில் ஒன்றின் தூரம்), மூன்றாம் தந்திக்கும் இரண்டாம் தந்திக்கும் இடையே மட்டும் நான்கு அரைச்சுரமும் உள்ளன. கை அதிகம் நகராமல் எல்லா ஸ்கேலையும் (சுர வரிசை) கார்டையும் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பிடிப்பதற்கு ஏற்ற ஏற்பாடு இது. ஆனால் ஆறு தந்திகளையும் விரல் வைக்காமல் மீட்டினால் எந்த ஒரு சுருதியும் அதில் நிலைகொள்வதில்லை. தம்புராவுக்குப் பழகிய காது உடனே இந்தக் குறையை உணரும்.

முதல் படியாக ஆறாம் தந்தியை மட்டும் இ-யிலிருந்து டி-க்கு, அதாவது 82.4 ஹெர்ட்ஸிலிருந்து 73.4 ஹெர்ட்ஸுக்கு, இறக்குங்கள். டிராப் டி என்று அழைக்கப்படும் சுருதி இதுதான். ட்யூனர் (சுருதி காட்டும் கருவி) இல்லாமலே இதைச் செய்துவிடலாம். விரல் வைக்காத நான்காம் தந்தியைத் தட்டி ஒலிக்க விடுங்கள். ஆறாம் தந்தியின் பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு நேர் மேலே விரலை மெல்லத் தொட்டு மீட்டுங்கள். இரண்டு ஒலிகளும் சேராதவரை 'வவ்-வவ்' என்ற அலைவு ஒன்று கேட்கும். பிருடையை (தந்தியை முறுக்கும் திருகு) தளர்த்தத் தளர்த்த அந்த அலைவு மெதுவாகி, ஒரு கட்டத்தில் முற்றிலும் நின்றுவிடும். இறக்கும்போது வேண்டிய சுரத்துக்குச் சற்றுக் கீழே போய், அங்கிருந்து மேலே ஏற்றி நிறுத்துங்கள்; பற்சக்கரத்தில் உள்ள தளர்வு அப்போதுதான் சரியாகும், தந்தியும் வாசிக்கும்போது நழுவாது. இப்போது கீழ் மூன்று தந்திகளும் டி, ஏ, டி. அதாவது ச, ப, ச. சி-யை ஒரு கட்டை என்று எண்ணும் நம் வழக்கில், சட்ஜம் இரண்டு கட்டையில் நிற்கிறது.

அடுத்து, இரண்டாம் தந்தியை பி-யிலிருந்து ஏ-க்கும், முதல் தந்தியை இ-யிலிருந்து டி-க்கும் இறக்கினால் டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்ற சுருதி கிடைக்கும். இதை 1960-களில் பரவலாக்கியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த டேவி கிரகாம். நம் கணக்கில் இது ச-ப-ச-ம-ப-ச. காந்தாரம் இதில் இல்லை என்பதே இதன் சிறப்பு. அந்தர காந்தாரம் (உயர்ந்த க) வரும் சங்கராபரணமோ, சாதாரண காந்தாரம் (அதைவிட அரைச்சுரம் தாழ்ந்த க) வரும் கரகரப்பிரியாவோ, எதை வாசித்தாலும் திறந்த தந்திகள் முரண்படுவதில்லை. கீழ் மூன்று தந்திகளையும் ஒரே விரலால் ஐந்தாம் ஃபிரெட்டிலும், பிறகு ஏழாம் ஃபிரெட்டிலும் அழுத்தி, மேல் மூன்றையும் திறந்தே விட்டு மீட்டிப் பாருங்கள். ச, ம, ப என்ற மூன்று ஆதாரங்களும் ஒரு விரல் வேலையில் கிடைத்துவிடும். தொடங்குபவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

இங்கிருந்து மூன்றாம் தந்தியை ஜி-யிலிருந்து அரைச்சுரம் இறக்கினால் எஃப் ஷார்ப், அதாவது அந்தர காந்தாரம் வரும். இதுவே ஓபன் டி, அதாவது விரல் வைக்காமலே டி கார்டு ஒலிக்கும் சுருதி. இன்னும் அரைச்சுரம் இறக்கினால் சாதாரண காந்தாரம். இந்த இடத்தில் சற்று நின்று கவனிக்க வேண்டும், ஏனெனில் ட்யூனரும் நம் காதும் இங்கேதான் பிரிகின்றன. ட்யூனர் ஓர் அஷ்டகத்தை (ச முதல் மேல் ச வரை) சமமான பன்னிரண்டு பங்காக்குகிறது; ஒவ்வொரு பங்கும் நூறு சென்ட். இயற்கையான பஞ்சமம் 702 சென்ட், ட்யூனரின் பஞ்சமம் 700. இந்த வேறுபாடு காதுக்கு ஏறக்குறையத் தெரியாது. ஆனால் தம்புராவின் சட்ஜத் தந்தியிலிருந்து தானாகவே எழும் அந்தர காந்தாரம் 386 சென்ட், ட்யூனர் காட்டுவதோ 400. பதினான்கு சென்ட் என்பது கேட்கும் அளவுக்குப் பெரிய வேறுபாடு. ஆகவே சட்ஜத்தை விட்டு விலகாமல் வாசிக்கப் போகிறீர்கள் என்றால், சுருதிப் பெட்டியை ஒலிக்கவிட்டு, மூன்றாம் தந்தியைக் காதால் மட்டும் இறக்கி, அலைவு அடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த ஒலியின் நிறைவைத் தெரிந்துகொண்ட பிள்ளை அதன்பின் ட்யூனரை மட்டும் நம்பி இருக்காது. கார்டுகளை மாற்றி மாற்றி வாசிக்கும் பாடல் என்றால் ட்யூனரின் சொல்லையே கேளுங்கள். காதால் வைத்த தந்தியில் ஃபிரெட்டை அழுத்தும்போது எல்லாச் சுரமும் அதே அளவு தாழ்ந்தே வரும்.

பெண் குரலுக்கு வாசிப்பவர்களுக்கு ஓபன் ஜி அதிகம் உதவும். வழக்கமான சுருதியிலிருந்து ஆறு, ஐந்து, ஒன்று ஆகிய தந்திகளை மட்டும் இரண்டிரண்டு அரைச்சுரம் இறக்கினால் டி-ஜி-டி-ஜி-பி-டி வரும். சட்ஜம் ஐந்து கட்டையில், ப-ச-ப-ச-க-ப என்று அமைகிறது. தந்திகளைத் தளர்த்தி வாசிக்கும் ஹவாய்த் தீவு மரபிலும் இது முக்கியமான சுருதி. கேப்போவை (எல்லாத் தந்திகளையும் ஒரே ஃபிரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) முதல் ஃபிரெட்டில் போட்டால் ஐந்தரைக் கட்டை, இரண்டாவதில் ஆறு கட்டை. ஒரு கட்டையில் பாடும் ஆண் குரலுக்கு அதே கேப்போவை ஐந்தாம் ஃபிரெட்டில் போட்டால் போதும்.

தந்தியின் இழுவிசை சுருதியின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், இரண்டு அரைச்சுரம் இறக்கும்போது அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. தந்தி தொளதொளப்பாகி ஃபிரெட்டில் உரசி இரைவதற்கு இதுவே காரணம். முதல் தந்தி 0.010 அங்குலமுள்ள மெல்லிய செட்டைக் கழற்றிவிட்டு 0.012 செட்டைப் போடுங்கள். தளர்ச்சியால் ஒரு நன்மையும் உண்டு: தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் வாசிப்பது எளிதாகிறது. மூன்று தந்திகளை இறக்கியதும் கழுத்தின் மீதுள்ள மொத்த இழுவிசை குறைவதால், தொடாமல் விட்ட மற்ற மூன்றும் சற்று ஏறிவிடும். எனவே ஆறையும் மறுமுறை சரிபார்க்காமல் வாசிக்கத் தொடங்க வேண்டாம்.

வெப்பநிலையையும் கணக்கில் கொள்ளுங்கள். ஒருமுறை சித்திரை வெயிலில் மதுரையில் ஓபன் டி வைத்துக்கொண்டு பேருந்தில் கொடைக்கானல் சென்றேன். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்து மாலைக் குளிரில் தந்திகள் சுருங்கி, ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் ஏறியிருந்தன. மேடையேறி முதல் மீட்டலிலேயே அது வெளிப்பட, பாடகி பாதி வரியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அதன்பின், வாசிக்கும் இடத்தில் பெட்டியைத் திறந்து அரை மணி நேரம் வைத்துவிட்டே சுருதி கூட்டுகிறேன்.

வழக்கமான சுருதிக்குத் திரும்பும்போது தடித்த தந்திகளை முதலில் ஏற்றி, முதல் தந்தியைக் கடைசியில் ஏற்றுங்கள். பல வாரம் தளர்ந்து கிடந்த பழைய தந்தி அப்போதுதான் அறுபடும். முகத்தைச் சற்று விலக்கி வைத்துக்கொண்டு, பிருடையைக் கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் மீட்டிக் கேட்டு மேலே செல்லுங்கள்.