கிணற்று நீர்மட்டத்தை வரைய எந்தக் கருவி?

பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஊர்களில், மழையளவையும் கிணற்று நீர்மட்டத்தையும் குறித்துவைத்து ஆராய முற்படும் மாணவர்கள் முதலில் கேட்பது, நிரல் எழுதப் பைத்தான் மொழியா, ஆர் மொழியா என்பதைத்தான். கருவியின் பெயரைப் பேசுவதற்கு முன் கோப்பைத் திறந்து தேதி நெடுவரிசையைப் பாருங்கள் என்பதே என் பதில்.

தரவு பெரிது என்பதற்காக எக்ஸெலைக் கைவிட வேண்டியதில்லை. 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதியும் மழைமானி ஆண்டுக்கு 35,040 வரிசைகளைத் தரும். ஒரு தாளோ 10,48,576 வரிசைகளைத் தாங்கும். எந்தக் கட்டத்தை எப்போது திருத்தினோம் என்பதற்குத் தடயம் இல்லாமல் போவதே அதன் உண்மையான குறை. நிரலாக எழுதிவைத்தால் ஒவ்வொரு திருத்தமும் கண்முன் நிற்கும்.

பைத்தானின் தரவு நூலகமான பாண்டாஸ் தேதிகளைக் கையாள்வதில் வல்லது. ஆயினும் நாள்தான் முதலில் வருகிறது என்று நாம் சொல்லாவிட்டால் 03/04 என்பதை மார்ச் 4 என்று படித்துவிடக்கூடும். அளவெடுத்த நாள்கள் எல்லாம் 12-க்குள் இருந்துவிட்டால் பிழைச்செய்தியும் வராது. என் வரைபடம் ஒன்றில் இப்படித்தான் கோடைக் கிணறு ஜனவரியிலேயே வற்றியது. ஆழியாற்றிலிருந்து மணக்கடவு அணைக்கட்டில் தமிழ்நாடு கேரளத்துக்குத் தரவேண்டிய 7.25 டிஎம்சி நீர் ஜூலை 1 முதல் ஜூன் 30 வரையிலான நீராண்டுக்குக் கணக்கிடப்படுவதால், கிணற்று அளவை அதனோடு ஒப்பிட விரும்புவோர் ஆண்டு ஜூனில் முடிவதாகக் குறிப்பிட்டுத் தொகுக்க வேண்டும். பாண்டாஸில் இது ஒரே வரி வேலை.

நீர்மட்டம் உண்மையிலேயே இறங்குகிறதா, அல்லது அது பருவத்தின் ஏற்ற இறக்கம் மட்டும்தானா என்று சோதிக்கும் புள்ளியியலே உங்கள் முதன்மை வேலை என்றால், புள்ளியியலாளர்கள் தங்களுக்காகவே உருவாக்கிய ஆர் மொழிக்குப் போவது நல்லது. கணக்கீட்டு மென்பொருளான மேட்லேப் விலைக்கு வாங்க வேண்டியது. அதில் எழுதிய பழைய நிரல் கையில் இருந்தால் இலவசமான ஆக்டேவ் பெரும்பாலும் அதை ஓட்டிவிடும்.

எதை எடுத்தாலும், சராசரியை நம்புவதற்கு முன் புள்ளிகளை வரைந்து பாருங்கள். 1973-இல் புள்ளியியலாளர் அன்ஸ்கோம்ப் காட்டிய நான்கு தரவுத் தொகுப்புகளுக்கும் சராசரியும் ஒட்டுறவும் (இரு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதும்) ஏறத்தாழ ஒன்றே. வரைந்தால் நான்கும் நான்கு விதம்.

வரைபடம் ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் தொங்கப்போகிறது என்றால் எழுத்தையும் சோதிக்க வேண்டும். பைத்தானின் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப்பில், நான் பயன்படுத்திய பதிப்புகளில் ‘மே’, ‘செப்டம்பர்’ ஆகிய மாதப் பெயர்களின் கொம்பு எழுத்துக்குப் பின்னே போய் நின்றது. 1986 முதல் இருந்துவரும் வரைபட மென்பொருளான நூப்ளாட், கெய்ரோ என்ற படம் வரையும் நூலகத்தின் வழியாகப் படத்தை எழுதும்போது அவற்றை ஒழுங்காக அச்சிட்டது. ஆகவே கணக்கைப் பாண்டாஸில் முடித்து, படத்தை மட்டும் நூப்ளாட்டில் வரைகிறேன்.