பதவி இல்லாமலே உங்கள் சொல் எடுபட

கூட்டத்தில் வாயைத் திறப்பதற்கு முன்னர் செய்யவேண்டிய வேலைதான் அதிகம். முடிந்த பிறகும் கொஞ்சம் இருக்கிறது. நடுவில் வருகிற அந்த ஒன்றரை மணித்தியாலத்தைத்தான் நாங்கள் பெரிதாக நினைத்துக்கொண்டு, சத்தமாகக் கதைத்தால் காரியம் நடந்துவிடும் என்று நம்புகிறோம்.

நான் வட இலங்கையில், வன்னியில் ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு என்று கூட்டத்துக்குக் கூட்டம் போய், ஓரத்துக் கதிரையில் இருந்து வரவுப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவது என் தொழிலில் பாதி. யாருடைய சொல் எடுபடுகிறது, யாருடையது காற்றோடு போகிறது என்று பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. தலைவராக வர ஆசைப்படுகிறவர்களுக்கு நான் இதை எழுதவில்லை. நியாயமான ஒரு விசயத்தைச் சொல்லியும் ஒருவரும் காது கொடுக்கவில்லையே என்று வீட்டுக்குப் போய்ப் புறுபுறுக்கிறவர்களுக்குத்தான்.

முதலில் கண்களைக் கவனியுங்கள்

ஒரு கூட்டத்தை ஒன்றும் பேசாமல் பார்ப்பதற்கென்றே ஒதுக்குங்கள். வெளியிலிருந்து வந்த உத்தியோகத்தர் ஏதோ கேட்கிறார். பதில் சொல்வதற்கு முன் சனம் யாரைத் திரும்பிப் பார்க்கிறது? மேசைக்குப் பின்னால் இருக்கும் தலைவரைப் பார்க்கிறது என்றால் சரி. அநேகமான இடங்களில் கண்கள் வேறெங்கோ போகும். வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நிற்கிற உழவு இயந்திரக்காரரிடம் போகலாம், கடைக்கார அண்ணையிடம் போகலாம்.

1959 ஆம் ஆண்டு ஜோன் பிரெஞ்ச், பேர்ட்ராம் ரேவன் என்ற இரண்டு சமூக உளவியலாளர்கள் ஒருவருடைய செல்வாக்கு எங்கிருந்து வருகிறது என்று ஐந்து ஊற்றுகளைப் பிரித்துக் காட்டினார்கள்: தண்டிக்க முடிவது, கொடுக்க முடிவது, பதவி, தொழில் அறிவு, ஆளின் மீதுள்ள மதிப்பு. சில வருடங்களின் பின் ரேவன் ஆறாவதாகத் தகவலையும் சேர்த்தார். இதை மனதில் வைத்துக்கொண்டு எங்கள் ஊரைப் பாருங்கள். காலபோக விதைப்புக்கு, அதாவது மாரிகால நெல் விதைப்புக்கு, முதல் மழை விழுந்ததும் எல்லோருக்கும் ஒரே கிழமையில் உழவு வேண்டும். அந்தக் கிழமையில் யாருடைய வயலுக்கு மெசின் முதலில் இறங்கும் என்பது உழவு இயந்திரக்காரர் கையில். கடைக்கார அண்ணையின் கொப்பியில் பாதி ஊரின் கடன் கிடக்கிறது. இருவருக்கும் சங்கத்தில் ஒரு பதவியும் இருக்காது, ஆனால் அவர்களுக்குப் பிடிக்காத தீர்மானத்துக்குக் கை உயர்வதில்லை. பகிரங்கமாக அவர்களோடு மோதி வென்றவரை நான் கண்டதில்லை. கூட்டத்துக்கு முதல் நாள் அவர்களுடைய விறாந்தையில் போயிருந்து கதைத்து வென்றவர்களைக் கண்டிருக்கிறேன்.

ஆறாவது ஊற்றுத்தான் எங்கள் சங்கங்களில் ஆகப் பெரியது, ஆகவும் கண்ணுக்குத் தெரியாதது. மாவட்டச் செயலகமான கச்சேரியிலிருந்தோ கமநல சேவை நிலையத்திலிருந்தோ ஒரு கடிதம் செயலாளருக்கு வருகிறது. கோழிக்கூடு, தையல் மெசின், வீட்டுத்தோட்டத்துக்கு நீர்ப்பம்பி, ஏதோ ஒன்று. விண்ணப்ப முடிவுத் திகதி அதில் இருக்கிறது. கடிதம் மடித்தபடி கைப்பையில் கிடக்கும். செயலாளரின் தங்கச்சி, சின்னம்மா, பக்கத்து வீடு என்று நாலு பேர் விண்ணப்பித்துவிடுவார்கள். கூட்டத்தில் அது வாசிக்கப்படும்போது திகதி போய்விடும். இதைக் கேட்டால், 'எனக்கும் இப்பதான் கிடைச்சது' என்பார்கள். சண்டை பிடிப்பதில் பலன் இல்லை. அதற்குப் பதிலாக நிகழ்ச்சி நிரலில் முதலாவதாக 'வந்த கடிதங்கள்' என்று ஒரு விடயம் போடச் சொல்லுங்கள். கடிதம் கிடைத்த திகதியோடு கோவையில் கோர்த்து, எல்லோர் முன்னும் வாசிக்கவேண்டும். யாரையும் குற்றம் சொல்லாத கோரிக்கை என்பதால் எதிர்ப்பவரும் இருக்கமாட்டார். நடைமுறைக்கு வந்ததும் கைப்பையின் கனம் பாதி குறைந்துவிடும்.

பட்டியல் விசயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்

ஒரு பட்டியலில் பெயர் இருப்பதும் இல்லாததும் என்ன செய்யும் என்று வன்னிச் சனத்துக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 2009 இல் போரால் இடம்பெயர்ந்து மெனிக்பாம் முகாமில் வரிசையில் நின்றவர்களுக்கும், பிறகு வீட்டுத்திட்டத்துக்குப் புள்ளி போட்டபோது விடுபட்டவர்களுக்கும் அது தெரியும். இன்றைக்கும் 'பயனாளிகள் தெரிவு' என்று சொன்னவுடனே மண்டபத்தில் கதிரைகள் கிட்டக் கிட்ட வரும்.

இங்கே செய்யவேண்டியது ஒன்றுதான், ஆனால் சரியான நேரத்தில் செய்யவேண்டும். பெயர் எதுவும் எழுத முன்னர் தகுதியை எழுதச் சொல்லுங்கள். பெண் தலைமைத்துவக் குடும்பமா, மாற்றுத்திறனாளி இருக்கிற வீடா, முன்னர் உதவி கிடைத்ததா, எந்த ஒழுங்கில் முன்னுரிமை என்பது கரும்பலகையிலோ தாளிலோ முதலில் வரவேண்டும். ஒரு பெயர் விழுந்துவிட்டால் போதும், பிறகு தகுதியெல்லாம் அந்தப் பெயருக்கு ஏற்றமாதிரித்தான் வளையும். பெயர்கள் வாசிக்கப்பட்ட பிறகு நீங்கள் எழும்பித் தகுதியைப் பற்றிக் கதைத்தால், அது கொள்கையாகக் கேட்காது, 'இன்னாருக்கு ஏன் குடுத்தனீங்கள்' என்ற பொறாமையாகத்தான் கேட்கும்.

தனியாகப் போகாதீர்கள்

1950களில் சமூக உளவியலாளர் சொலமன் ஆஷ் செய்த பரிசோதனை மிகவும் எளிமையானது. ஒரு கோட்டைக் காட்டி, மற்ற மூன்றில் அதற்குச் சமமானது எது என்று கேட்டார். கூட இருந்த மற்றவர்களெல்லாம் முன்கூட்டியே சொல்லிவைத்தபடி பிழையான விடையைச் சொல்ல, உண்மையாகப் பரிசோதிக்கப்பட்டவர்களும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தடவைகளில் அந்தப் பிழைக்கே இழுபட்டார்கள். கண்ணுக்கு முன்னால் தெரிகிற கோடு அது! ஆனால் சரியான விடை சொல்ல இன்னொரே ஒருவர் இருந்தபோது, அப்படி இழுபடுவது முன்னிருந்ததில் நாலில் ஒரு பங்காகச் சுருங்கியது.

ஆகவே பத்துப் பேரைச் சேர்க்க அலையத் தேவையில்லை. ஒருவர் போதும். யார் அந்த ஒருவர் என்பதில்தான் கெட்டித்தனம் இருக்கிறது. உங்கள் மச்சாள் வழிமொழிந்தால் அது குடும்ப விசயம். உங்கள் ஒழுங்கையிலிருந்தே ஒருவர் எழும்பினால் 'அந்தப் பக்கத்துக்காரர்' என்று போய்விடும். ஊரின் மற்ற அந்தத்தில் ஆள் தேடுங்கள். 77, 83 கலவரங்களின் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் எங்கள் கிராமங்கள் பலவற்றில் இருக்கிறார்கள். வயல் காணியோ உறுதிப் பத்திரமோ இல்லாததால் கமக்காரர் அமைப்புப் பக்கம் அவர்களுடைய குரல் கேட்பதே அரிது. உங்கள் கோரிக்கையில் அவர்களுக்கும் ஒரு நன்மை இருக்குமானால் அந்த வீட்டு அக்கா வழிமொழிவதற்கு இருக்கிற பாரம் வேறு. இல்லையென்றால் கோரிக்கையைத் திருத்துங்கள். போனில் கேட்கவேண்டாம், நேரே போங்கள். யார் முன்மொழிவது, யார் வழிமொழிவது, எந்த வசனத்தில் என்பது வரைக்கும் கதைத்து முடியுங்கள்.

அந்த ஆளுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. கடந்த சிறுபோகத்துக்கு, அதாவது கோடை நெற்செய்கைக்கு, முன்னர் ஒரு கூட்டத்தில் நடந்தது இது. ஒரு பிள்ளை, கணவர் இல்லாதவர், இரண்டு ஏக்கர் செய்கிறவர், எழும்பி, "ஐயா, வாய்க்கால் கடைசியில இருக்கிற வயலுக்கு முதல்ல தண்ணி விட்டிட்டு மேல வந்தா என்ன?" என்று கேட்டார். தலைவர், "பாப்பம் பிள்ளை, இருங்கோ" என்றார். அதற்குப் பிறகு கதை பசளைக்கும் மானியத்துக்கும் போனது. கொஞ்ச நேரத்தில் முன்வரிசையிலிருந்து ஒரு அண்ணை அதையே சொன்னார், ஒரு சொல்லும் மாறவில்லை. 'நல்ல யோசனை' என்று தலைகள் ஆடின. அப்போது பின்னாலிருந்து ஒரு கிழவி, "அதைத்தானே தம்பி இந்தப் பிள்ளை முதலே சொன்னவ," என்றார். மண்டபம் சிரித்தது, அண்ணையும் சிரித்தார், குறிப்பில் பிள்ளையின் பெயர் ஏறியது. அந்த ஒரு வசனத்தை அந்தப் பிள்ளையே சொல்லியிருந்தால் வாய்க்காரி என்ற பெயர்தான் மிஞ்சியிருக்கும். இதைச் சொல்ல உங்களுக்கு ஒரு ஆள் வேண்டும். நீங்களும் அவருக்காக இதைச் செய்யவேண்டும்.

முதல் சொல்

2009 இல் கமரன் அன்டர்சன், கவின் கில்டஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நாலு நாலு பேர் கொண்ட குழுக்களுக்குக் கணக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 94 தடவை, யார் எதை முதலில் விடையாகச் சொன்னார்களோ அதுவே குழுவின் விடையாக முடிந்தது. துணிவாக முதலில் வாயைத் திறந்தவர்களைத்தான் மற்றவர்கள் கெட்டிக்காரர் என்றார்கள். உண்மையில் அவர்கள் கணக்கில் மற்றவர்களைவிடத் திறம் இல்லை.

எனக்கு இது கொஞ்சம் எரிச்சலான செய்திதான். ஆனாலும் பயன்படுத்தத் தெரிந்திருக்கவேண்டும். விடயம் எடுக்கப்பட்டவுடன் முதலாவதாகக் கையை உயர்த்துங்கள், ஆனால் வெறும் முறைப்பாட்டோடு உயர்த்தாதீர்கள். 'வாய்க்கால் சரியில்லை' என்றால் எல்லோரும் ஓம் என்பார்கள், அவ்வளவுதான். 'கிழக்கு வாய்க்காலில் மூன்று இடத்தில் உடைவு இருக்கு, ரெண்டு லோட் கிரவல் போதும், சனிக்கிழமை சிரமதானம் வைக்கலாம்' என்றால் மற்றவர்களெல்லாம் அதற்கு மேலோ கீழோதான் பேசவேண்டியிருக்கும். இதற்கு முதல் நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் நீளத்துக்குப் போய்ப் பார்த்திருக்கவேண்டும். நீங்களே தலைவராக இருந்தால் எல்லாம் தலைகீழ். கடைசியாகப் பேசுங்கள், இல்லாவிட்டால் உங்கள் அபிப்பிராயம்தான் திரும்பத் திரும்ப உங்கள் காதில் விழும்.

எங்கே இருப்பது என்றும் சிலர் கேட்பதுண்டு. குறிப்பு எழுதுகிறவருக்குக் கிட்ட.

ஏனென்றால் கூட்டத்தில் என்ன முடிவானது என்பதை ஒரு மாதத்துக்குப் பிறகு தீர்மானிப்பது அந்தக் கொப்பிதான். எழுத ஆள் இல்லாமல் எல்லோரும் நிலத்தைப் பார்க்கிற நேரத்தில் 'நான் எழுதுறன்' என்று சொல்லுங்கள். அலுப்பான வேலை என்பதால் போட்டி இராது. வேறொருவர் எழுதினால், கூட்டம் கலைய முன் 'முடிவுகளை ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ' என்று மட்டும் கேளுங்கள். என்ன செய்வது, யார் செய்வது, எந்தத் திகதிக்குள் என்ற மூன்றும் ஒவ்வொரு முடிவிலும் இருக்கவேண்டும். 'கலந்துரையாடப்பட்டது' என்று மட்டும் எழுதப்பட்ட விடயம் செத்துவிட்டது என்று அர்த்தம்.

கந்தோரில்

கந்தோரில் கணக்கு வேறு. மேலதிகாரியை எல்லோர் முன்னும் திருத்தினால், நீங்கள் சரியாக இருப்பதே உங்களுக்கு வினையாகும். தனியே போங்கள், அவருக்கு எது பயமோ அந்தப் பக்கத்தால் விசயத்தைச் சொல்லுங்கள். 'இது பிழை, சேர்' என்பதைவிட 'கணக்காய்வில் கேள்வி வரும், சேர்' என்பது பத்து மடங்கு வேலை செய்யும். பிறகு கோவையில் இரண்டு வரி எழுதித் திகதியோடு கையொப்பமிட்டு வையுங்கள். அலுவலக உதவியாளரை மரியாதையாக நடத்துங்கள். பண்புக்காகவும்தான், ஆனால் எந்தக் கோவை யாருடைய மேசையில் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று கந்தோரில் முழுமையாகத் தெரிந்த ஒரே ஆளும் அவர்தான்.

எதிர்க்க முன் சேமியுங்கள்

சமூக உளவியலாளர் எட்வின் ஹொலண்டர் 1958 இல் எழுதியதன் சாரம் இது: குழுவின் வழமைகளை மதித்து, குழுவுக்குப் பயன்பட்டு வந்த ஒருவருக்குச் சனம் ஒரு கணக்கில் வரவு வைக்கிறது. பிறகு அவர் மாறுபட்டுப் பேசும்போது அதிலிருந்து கழிக்கிறது. எங்கள் பக்கத்தில் அந்த வரவு எங்கே ஏறுகிறது என்று எனக்குத் தெரியும். செத்த வீட்டில். பந்தல் போடுகிற இடத்திலும், இரவிரவாகத் தேத்தண்ணி கொடுக்கிற குசினியிலும். அங்கே தலை காட்டாதவர் சங்கக் கூட்டத்தில் எவ்வளவு சட்டம் கதைத்தாலும், 'இவர் எங்கையிருந்து வந்தவர்' என்ற பார்வைதான்.

சேமித்தவர்கள் ஒரே சொல்லில் நின்றால் பெரிய இடமும் அசையும். கனகராயன் ஆறு நிரப்புகிற இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோக ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் ஒரு திட்டம் வந்தது. சிறுபோகத்துக்கே எல்லா வயலுக்கும் நீர் போதாது என்று கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தார்கள். யாழ்ப்பாணத்துக்கும் தண்ணீர் தேவைதான், அதை மறுக்க முடியாது. ஆனால் கூட்டத்துக்குக் கூட்டம், அரசியல்வாதிக்கு அரசியல்வாதி அவர்களுடைய வாதம் மாறவில்லை. கடைசியில் குளத்து நீருக்குப் பதிலாக, யாழ்ப்பாண மாவட்டத்துத் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024 இல் திறக்கப்பட்டது. 1969 இல் சமூக உளவியலாளர் சேர்ஜ் மொஸ்கோவிசி பரிசோதித்துக் கண்டதும் இதுதான். சிறுபான்மை ஒரே விடையில் உறுதியாக நின்றால் பெரும்பான்மையில் சிலராவது அசைகிறார்கள். நடுவில் விடையை மாற்றிக்கொண்டால் அந்தச் செல்வாக்கு இல்லாமலே போகிறது. ஆகவே நாலு கோரிக்கையோடு போகவேண்டாம். ஒன்றோடு போங்கள், அதே வசனத்தில் அடுத்த மாதமும் போங்கள்.

இப்படியே போனால் ஒரு பொதுக்கூட்டத்தில் உங்கள் பெயரையே முன்மொழிந்துவிடுவார்கள், கவனம். ஏற்றுக்கொண்டால் அன்றைக்கே மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: வங்கிப் புத்தகம், கூட்டக் குறிப்புக் கொப்பி, மண்டபத் திறப்பு. என்னென்ன கையளிக்கப்பட்டது என்று ஒரு தாளில் எழுதி, பழையவரும் நீங்களும் கையெழுத்து வைத்து, ஒரு பிரதியைக் கிராம அலுவலரிடம் கொடுங்கள். நீங்கள் விலகும் நாளிலும் அதே மாதிரித் தாள் ஒன்று எழுதவேண்டும்.