பழைய மாணவராக மைக் முன்னால் உட்காரும் முன்

கல்லூரி வானொலிக்கு ஒரு மணி நேர விருந்தினர் ஆர்.ஜே.வாகப் போகிறீர்களா? ஒவ்வொரு பாட்டிலும் குரல் தொடங்கும் வரை எத்தனை நொடி என்று முந்தின நாளே வீட்டில் செல்போன் ஸ்டாப்வாட்சில் பார்த்து, பட்டியலில் பாட்டுக்கு நேராக எழுதி வையுங்கள். "3-வது பாட்டு: 22 நொடி", இவ்வளவு போதும்.

நம் சினிமாப் பாடல்களில் முன்னிசை தாராளமாகவே இருக்கும். அது ஓடும்போதே பேசி, பாடகர் வாய் திறப்பதற்கு 2 நொடி முன்னால் நிறுத்திவிட்டால், பல வருடம் கழித்து மைக்கைத் தொட்டவர் போலவே தெரியாது. நொடிக் கணக்கு கையில் இருந்தால் பேச்சும் வளராது. 20 நொடிக்கு மூன்று, நான்கு வரிதான் வரும், சத்தமாகப் படித்துப் பாருங்கள். அந்த வரிகளில் பக்கத்து ஊர்ப் பெயர் ஒன்று இருக்கட்டும். கோவை பி.எஸ்.ஜி.யின் 107.8, பெருந்துறை கொங்கு பொறியியல் கல்லூரியின் 90.4 போன்ற சமூக வானொலிகள் பொதுவாக 10, 15 கிலோமீட்டர் சுற்றளவுக்குத்தான் எட்டும். "விஜயமங்கலத்துல கேக்கறவங்களுக்கு வணக்கமுங்க" என்றால் அது நேராகப் போய்ச் சேரும்.

எடுத்த எடுப்பில் தொகையறாவோ (தாளம் தொடங்கும் முன் பாடும் வரிகள்) ஹம்மிங்கோ வரும் பாட்டுக்கு இது ஆகாது. அங்கே பேசி முடித்துவிட்டே பாட்டைப் போடுங்கள். நிகழ்ச்சியைப் பதிவு செய்து எடிட் பண்ணுவதாக இருந்தாலும் இது தேவையில்லை.