புதுத் தெருவுக்குக் குடிநீர்க் குழாய்: எங்கே இணைப்பது, எத்தனை அங்குலம் போடுவது?

ஊர் விரியும்போது முதலில் பிளாட் போடுவார்கள், பிறகு ரோடு. குடிநீர்க் குழாயின் நினைப்பு கடைசியில்தான் வரும். பக்கத்துத் தெருவில் குழாய் எங்கே முடிகிறதோ, அந்த நுனியில் ஒரு துண்டைக் கோத்து நீட்டிவிடுவார்கள். அடுத்த கோடையில் புதுத் தெருவிலும் தண்ணீர் ஏறாது, அதுவரை ஒழுங்காக வந்த பழைய தெருவிலும் நின்றுபோகும். புதுக் குழாயின் அளவைவிட, அது தொங்கப்போகும் பழைய குழாயில் எவ்வளவு தெம்பு மிச்சம் என்பதே முதல் கேள்வி.

கேரள எல்லையோரம் செங்கோட்டை போன்ற ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். மேற்கே மலை, புளியரைச் சாலைப் பக்கம் போகப் போக நிலம் ஏறும். அந்தப் பக்கம் 400 மனைகள் கொண்ட ஒரு விரிவாக்கம் வருகிறது என்று வையுங்கள். கீழே வரும் மட்டங்களும் நீளங்களும் கணக்குக்காக நான் வைத்தவை, நகராட்சிப் பதிவுகள் அல்ல.

முதல் படி: இருப்பதை அளப்பது

ஆபீஸ் வரைபடத்தை மட்டும் நம்பி உட்காராதீர்கள். எந்தத் தெருவில் எந்த வால்வு பாதி திறந்து கிடக்கிறது என்பது டேங்க் ஆபரேட்டருக்குத்தான் தெரியும். அவரோடு ஒருநாள் சுற்றுங்கள். சந்தேகமான இடத்தில் சின்னக் குழி தோண்டிக் குழாயின் அளவையும் வகையையும் பார்த்துவிடுங்கள்.

பிறகு ஒரு பிரஷர் கேஜ். தண்ணீர் விடும் நேரத்தில் தெருக்குழாயில் மாட்டிப் பாருங்கள். 1 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) காட்டினால் ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஏறும் என்று பொருள். டேங்கின் பக்கம், நடுவூர், கடைமடை வீடு என்று குறைந்தது மூன்று இடங்களில் எடுங்கள். சாரல் மாதத்தில் எடுத்த அளவை வைத்து டிசைன் செய்யக் கூடாது. அப்போது தோட்டத்துக்கு யாரும் தண்ணீர் விடுவதில்லை, கிணறுகளும் நிரம்பிக் கிடக்கும். ஏப்ரல், மே மாதத்து அளவுதான் உண்மை பேசும்.

இரண்டாம் படி: எவ்வளவு தண்ணீர்

குழாய் 30 ஆண்டுகளுக்கு உழைக்க வேண்டும். அதனால் இன்று 60 வீடு இருந்தாலும் 400 மனையும் நிரம்பியதாகவே வையுங்கள். வீட்டுக்கு 4.5 பேர் என்றால் 1,800 பேர். பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், இல்லாத ஊருக்கு 70 லிட்டர் என்பது மத்திய அரசுக் கையேட்டின் 1999 பதிப்பு சொன்ன அளவு. சாக்கடைத் திட்டம் என்றாவது வந்தே தீரும் என்பதால் 135ஐ எடுப்பதே என் பழக்கம்.

1,800 × 135 = 2,43,000 லிட்டர். கசிவுக்கு 15 சதவீதம் சேர்த்தால் நாளொன்றுக்குச் சுமார் 2.8 லட்சம் லிட்டர். 86,400 விநாடிகளால் வகுத்தால் விநாடிக்கு 3.24 லிட்டர். இது சராசரிதான். காலை ஆறிலிருந்து எட்டுக்குள் எல்லா வீட்டிலும் குழாய் திறக்கும். 50 ஆயிரத்துக்குக் கீழ் மக்கள்தொகை உள்ள ஊருக்கு உச்சப் பெருக்கம், அதாவது உச்ச நேர ஓட்டம் சராசரியைப்போல் எத்தனை மடங்கு என்பது, 3. ஆக விநாடிக்கு 9.7 லிட்டர்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பெருக்கம் 3 என்றால், ஒருநாள் தண்ணீரை 8 மணி நேரத்தில் கொடுப்பதற்குச் சமம். உங்கள் ஊரில் 2 மணி நேரம்தான் விடுவார்கள் என்றால், அதே 2.8 லட்சம் லிட்டர் அந்த 2 மணிக்குள் போயாக வேண்டும்; விநாடிக்கு 39 லிட்டர்! நேரத்தைக் கேட்காமல் குழாய் அளவைச் சொல்பவரின் டிசைனை நம்பாதீர்கள்.

மூன்றாம் படி: மட்டம்

டேங்கில் தண்ணீர் மிகக் குறைவாக இருக்கும் மட்டம், கடல்மட்டத்திலிருந்து 195 மீட்டர். நிறைந்த மட்டத்தை எடுக்கக் கூடாது. புதுக் குழாய் இணையும் இடத்தின் தரைமட்டம் 170. விரிவாக்கத்தின் கடைசி, மேட்டு வீடு 172. மாடி வீடுகளுக்கு அந்த இடத்தில் 12 மீட்டர் அழுத்தமாவது மிஞ்ச வேண்டும். தரைத்தள வீடுகள் மட்டும் என்றால் 7 போதும், ஆனால் இன்று மாடி இல்லாமல் யார் வீடு கட்டுகிறார்கள்?

நான்காம் படி: இழப்புக் கணக்கு

குழாயில் ஓடும்போது தண்ணீர் உராய்வில் அழுத்தத்தை இழக்கும். ஹேசன்-வில்லியம்ஸ் சூத்திரத்தில் இழப்பு, ஓட்டத்தின் 1.852 அடுக்கில் ஏறும், விட்டத்தின் 4.87 அடுக்கில் இறங்கும். அதாவது குழாயைக் கொஞ்சம் பெரிதாக்கினாலே இழப்பு சரசரவென்று குறையும், ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டினாலே எகிறும்.

டேங்கிலிருந்து இணையும் இடம்வரை 1 கிலோமீட்டர், பழைய 150 மி.மீ. வார்ப்பிரும்புக் குழாய். சூத்திரத்தில் வரும் வழவழப்பு எண் (கூடினால் உராய்வு குறைவு) 100 என்று வைப்போம். இப்போது உச்ச நேரத்தில் விநாடிக்கு 12 லிட்டர் ஓடுகிறது. இழப்பு 6 மீட்டர். இணையும் இடத்தில் 195 − 6 − 170 = 19 மீட்டர் அழுத்தம். கேஜில் 1.9 கிலோ. பார்க்க வசதியாகத்தான் இருக்கும்.

புது ஓட்டம் 9.7ஐயும் அதே குழாயில் ஏற்றுங்கள். மொத்தம் 21.7 லிட்டர். ஓட்டம் இரட்டிப்புக்கூட ஆகவில்லை, இழப்போ 6லிருந்து 18 மீட்டர் ஆகிறது! இணையும் இடத்தில் மிஞ்சுவது 7 மீட்டர். அங்கிருந்து புதுத் தெருவுக்கு 800 மீட்டர் டி.ஐ. (டக்டைல் அயர்ன் என்ற இரும்பு வகை) குழாய், வழவழப்பு எண் 140. ஓட்டம் முழுவதும் கடைசிவரை போவதாக வைத்தால் 100 மி.மீ. குழாயில் 12.5 மீட்டர் இழப்பு. மேட்டு வீட்டுக்குச் சொட்டுகூட ஏறாது. 150 மி.மீ. போட்டால் இழப்பு 1.7தான், ஆனாலும் கடைசியில் 3.3 மீட்டரே மிஞ்சும். புதுத் தெருவில் எவ்வளவு பெரிய குழாய் போட்டாலும் பயனில்லை, சிக்கல் ஒரு கிலோமீட்டர் பின்னால் இருக்கிறது.

ஐந்தாம் படி: பழைய மெயினுக்குத் துணை

பழைய குழாயின் ஓரமாக 150 மி.மீ. டி.ஐ. இன்னொன்று போட்டு இரண்டு முனையிலும் இணைத்தால், பழையதில் சுமார் 9 லிட்டரும் புதியதில் 12.7 லிட்டரும் பிரிந்து ஓடும். இழப்பு 3.6 மீட்டர். மேட்டு வீட்டில் 17.7 மீட்டர் அழுத்தம் வரும். பழைய ஊருக்கும் முன்பைவிட நன்றாகவே வரும்.

இன்னொரு வழி, டேங்கிலிருந்தே விரிவாக்கத்துக்குத் தனி லைன். அதே நீளக் குழாய்தான், கடைசியில் 19 மீட்டர் கிடைக்கும். தொடக்கத்திலேயே ஓட்டத்தை அளக்கும் மீட்டர் ஒன்றை வைத்துக் கசிவைக் கண்காணிக்கலாம். முறைவைத்துத் தண்ணீர் விடும் ஊரில் நான் இதையே எடுப்பேன். ஆனால் 8 மணி நேரமாவது விட வேண்டும். 2 மணி நேரத்தில் விட்டால் இதே குழாயில் கிலோமீட்டருக்கு 28 மீட்டர் காணாமல் போகும்.

வாங்கும்போது கவனம்: எச்.டி.பி.இ., பி.வி.சி. ஆகிய பிளாஸ்டிக் குழாய்களில் 110 மி.மீ. என்பது வெளிவிட்டம். கணக்கில் உள்விட்டத்தைப் போடுங்கள்.

ஆறாம் படி: எபாநெட்

ஒற்றைக் குழாய்க்குக் கால்குலேட்டர் போதும், தெருக்கள் வளையமாகப் பின்னினால் மென்பொருள் வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் எபாநெட் இலவசம். அலகை விநாடிக்கு லிட்டர் என்று முதலிலேயே மாற்றிவிடுங்கள். டேங்கைக் குறைந்த நீர்மட்டத்தில் வையுங்கள், ஒவ்வொரு சந்திக்கும் மட்டமும் தேவையும் கொடுங்கள். புதுத் தெருவை வரையும் முன், பழைய ஊரை மட்டும் ஓட்டி, கேஜில் எடுத்த அளவோடு ஒப்பிடுங்கள். ஒத்துவராவிட்டால் பழைய குழாயின் வழவழப்பு எண்ணைக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் ஒட்டவில்லையா, ஏதோ ஒரு வால்வு மூடிக் கிடக்கிறது, ஆபரேட்டரைக் கூப்பிடுங்கள்.

மற்றவை

மேட்டில் காற்றை வெளியேற்றும் ஏர் வால்வு, பள்ளத்தில் கசடைக் கழுவிவிடும் ஸ்கவர் வால்வு, கிளை பிரியும் இடமெல்லாம் ஓட்டத்தை அடைக்கும் கேட் வால்வு. முட்டுச்சந்தாக நிற்கும் குழாயை முடிந்தவரை அடுத்த தெருவோடு வளையமாக்குங்கள், தேங்கும் தண்ணீரில் குளோரின் தங்காது. தேசிய நெடுஞ்சாலை 744ஐயோ ரயில் பாதையையோ கடக்க வேண்டியிருந்தால் அனுமதிக்கு முன்கூட்டியே எழுதுங்கள், குழாய் வருவதைவிட அது தாமதமாகும்.

பதித்ததும் அழுத்தச் சோதனை, கழுவிவிடுதல், குளோரின். அதன்பின் மேட்டு வீட்டுக் குழாயில் காலை ஏழு மணிக்குக் கேஜ் மாட்டுங்கள், 1.2 கிலோவுக்குக் குறையக் கூடாது. அதே குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வீட்டு இணைப்புகளைத் திறந்துவிடுங்கள்.