லெவல் வேறுபட்ட நண்பர்களோடு விளையாடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கதாபாத்திரத்தின் லெவலை ஏற்றிக்கொண்டே போகும் ஆன்லைன் ரோல்பிளேயிங் கேம் ஒன்றில் ஆண்டுக்கணக்காக ஊறிப்போன ஒருவர், நேற்றுக் கணக்குத் தொடங்கிய நண்பரைத் தம்மோடு சேர்த்துக்கொள்ளும்போது செய்கிற முதல் தவறு, பெரும்பாலும் அன்பின் மிகுதியால் நேர்வது. நண்பர் சிரமப்படக் கூடாது என்று எண்ணி, எதிரிகள் நிறைந்த களமான அவருடைய தொடக்கநிலை டஞ்சனுக்குள் தம்முடைய உச்ச லெவல் கதாபாத்திரத்தோடு நுழைந்து, எதிர்ப்படுவதையெல்லாம் ஒரே வெட்டில் சாய்த்துவிடுகிறார். பின்னால் ஓடிவருகிற நண்பருக்குக் கீழே விழுந்ததைப் பொறுக்குவதைத் தவிர வேறு வேலையில்லை. தலைமை எதிரியான பாஸ் எப்போது தாக்கும், எங்கே விலகி நிற்க வேண்டும் என்பதொன்றும் தெரியாமலே அவருக்கு அந்த டஞ்சன் முடிந்துவிடுகிறது.

இதனால் லெவலாவது வேகமாக ஏறுமா என்றால், பல கேம்களில் அதுவும் இல்லை. 1999இல் வெளிவந்த எவர்குவெஸ்ட்டில், குழுவினரிடையே லெவல் இடைவெளி அளவு மீறினால் கீழே இருப்பவருக்கு அனுபவப் புள்ளிகளே சேராது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டின் பழைய முறையில் புள்ளிகள் லெவல் விகிதப்படி பிரிந்தன. 60ஆம் லெவல் வீரரோடு செல்லும் 20ஆம் லெவல்காரருக்குக் கால் பங்குதான் மிஞ்சும்.

லெவலைச் சமன்செய்யும் வசதி இருக்கிறதே என்று நம்பி, அது எப்படி இயங்குகிறது என்று பாராமல் இறங்குவது அடுத்த தவறு. 2004இல் வந்த சிட்டி ஆஃப் ஹீரோஸ், கீழ்நிலை நண்பரைத் துணைவராக ஏற்று, வழிகாட்டியின் லெவலுக்கு ஒரு படி கீழே வரை உயர்த்தியது. பிற்காலக் கேம்கள் பெரும்பாலும் மேலே இருப்பவரையே கீழே இறக்குகின்றன. ஆனால் எல்லாம் ஒரே விதமாக இறக்குவதில்லை. ஃபைனல் ஃபேன்டஸி 14இல் டஞ்சனின் லெவலுக்கு இறங்கியதும் அதற்குப் பின் கற்ற திறன்கள் முடங்கிவிடும். ஆகவே மீதமுள்ள சில பொத்தான்களை வைத்து எப்படிச் சண்டையிடுவது என்று முன்கூட்டியே பழகிக்கொள்ளாத மூத்த வீரர், புதியவரைவிட அதிகமாகத் தடுமாறுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். 2012இல் வந்த கில்ட் வார்ஸ் 2இலோ பகுதிக்கேற்ப வலிமை எண்கள் மட்டும் குறையும், திறன்கள் அப்படியே இருக்கும். அங்கே மூத்தவர் தாமாகவே கையை அடக்காவிட்டால் பழைய கதைதான்.

லெவல் சமமானால் போதும் என்று நினைப்பதும் சரியன்று. இருவரும் ஒரே லெவலில் நின்றாலும், குவெஸ்ட்டில், அதாவது கேம் தரும் பணியில், வெவ்வேறு கட்டத்தில் இருந்தால் ஒருவர் கண்ணுக்குத் தெரியும் கதைமாந்தர் மற்றவருக்குத் தெரியாமல் போகலாம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில் 2019இல் வந்த பார்ட்டி சிங்க், லெவலோடு குவெஸ்ட் நிலையையும் ஒன்றாக்கியது இதனால்தான். இத்தகைய வசதி இல்லாத கேமில், யார் எதுவரை முடித்திருக்கிறார் என்று விசாரித்த பிறகே புறப்பட வேண்டும். பாதி வழியில் கண்டுபிடித்தால் அன்றைய மாலை காத்திருப்பிலேயே கழியும். கதைக் காட்சிகளைத் தாண்டிவிடு என்று புதியவரை நெருக்குவதும், காசு கொடுத்து லெவலை வாங்கச் சொல்வதும் இதே அவசரத்தின் பிள்ளைகள். ஃபைனல் ஃபேன்டஸி 14இல் லெவலும் கதையும் தனித்தனியாக விற்கப்படுகின்றன. லெவலை மட்டும் வாங்கியவருக்கு முதன்மைக் கதையை ஒட்டித் திறக்கும் டஞ்சன்கள் பூட்டியே கிடக்கும்.

உயர்ந்த கியரை, அதாவது ஆயுதங்களையும் கவசங்களையும், அள்ளிக் கொடுப்பது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, கேட்டால் கொடுக்கலாம்.

மூத்தவர் எடுத்துக்கொள்ளும் பொறுப்பும் கவனத்துக்குரியது. அடித்து வீழ்த்தும் வேலையைப் புதியவருக்கு விட்டுவிட்டுத் தாம் காயமாற்றும் ஹீலராக நின்றால், தோற்கும் வாய்ப்பு உயிரோடு இருக்கும், வெற்றி நண்பருடையதாகும். அதே சமயம் ஒவ்வோர் அடிக்கும் வாய்ஸ் சாட்டில் கட்டளையிட்டால் ஹீலராக நின்றதில் பயனில்லை.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த வழி, சேர்ந்து விளையாடுவதற்கென்றே புதிய கதாபாத்திரத்தைத் தொடங்குவதுதான். ஆனால் இதிலும் ஒரு தவறு காத்திருக்கிறது: நேரம் அதிகமுள்ளவர் தனியாக நுழைந்து நாலைந்து லெவல் முந்திவிடுவார். நானே அப்படி ஓடி, நண்பரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தக் கதாபாத்திரத்தை இருவரும் இருக்கும்போது மட்டுமே தொடுவது என்று முதல் நாளே பேசிக்கொள்வது நல்லது. ஃபைனல் ஃபேன்டஸி 14 போல ஒரே கதாபாத்திரம் பல தொழில்களை, அதாவது தனித்தனி லெவல் கொண்ட சண்டைப் பாணிகளை, கற்கக்கூடிய கேமில், தொடக்க லெவலிலுள்ள ஒரு தொழிலை அந்த நண்பருக்காகவே ஒதுக்கிவைத்தாலும் போதும்.